கோத்தகிரியில் பட்டறை. புது டிக் மெஷினில் (ஆர்கான் கேஸ் மூடலில் வெல்டு வைக்கும் மெஷின்) காலையில் ஆர்க், அதாவது உலோகத்தை உருக்கும் மின்சுடர், பிடிக்க மாட்டேன் என்கிறது, வெல்டும் கறுத்துப் போகிறது. மெஷின் கோளாறா?

மெஷின் கோளாறாக இருக்க வாய்ப்பு குறைவு. 200 ஆம்ப் டிசி மெஷின், 1.2 மி.மீ. எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தகடு, டார்ச் நுனியில் ஆர்க் கிளம்பும் டங்ஸ்டன் கம்பி 2.4 மி.மீ. என்று எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். அதில் "பதினோரு மணிக்கு மேல் ஓரளவு சரியாகிவிடுகிறது" என்ற ஒரு வரிதான் என் கண்ணில் பட்டது. பழுதான போர்டு மணி பார்த்து வேலை செய்யாது. மஞ்சு (பனிமூட்டம்) விலகியதும் ஆர்க் பிடிக்கிறது என்றால் முதல் சந்தேகம் ஈரத்தின் மேல்தான்.

நான் குன்னூரில் பட்டறை வைத்து 19 வருடம் ஆகிறது. தேயிலை ஃபேக்டரி வேலைதான் அதிகம்: சி.டி.சி. (இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும்) மெஷின் தட்டு, டிரையர் தகடு, அவ்வப்போது பால் கேன். ஜூன், ஜூலையில் நீங்கள் சொல்லும் தொல்லையோடு யாராவது ஒருவர் வராத வாரம் கிடையாது.

ஒன்றை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். "மலை உயரத்தில் காற்று மெலிசு, அதனால்தான் ஹெச்.எஃப். பொறி தாண்டவில்லை" என்று பலர் சொல்வார்கள். (ஹெச்.எஃப். என்றால் டங்ஸ்டன் தகட்டைத் தொடாமலே ஆர்க்கைத் தொடங்கிவைக்கும் உயர் அதிர்வெண் மின்சாரம்.) உண்மை நேர்மாறு. காற்றழுத்தம் குறைந்தால் பொறி அதே இடைவெளியை இன்னும் சுலபமாகத் தாண்டும். உயரம் பாதிப்பது மெஷினின் குளிர்ச்சியைத்தான். வெல்டிங் மெஷின்களை 1000 மீட்டர் உயரம் வரைக்கும் என்று கணக்கு வைத்துத்தான் செய்கிறார்கள், நாம் இருப்பதோ அதற்கு வெகு மேலே. மெலிந்த காற்றில் ஃபேன் அவ்வளவு சூட்டை இழுக்காது. ஆகவே முழு ஆம்பியரில் நீண்ட நேரம் ஓட்டாதீர்கள். உங்கள் தகட்டுக்கு 40, 50 ஆம்ப் போதும் என்பதால் உங்களுக்கு இது பிரச்சினையே இல்லை.

சரி, ஈரம். ராத்திரி முழுக்கக் கிடக்கும் ரப்பர் ஹோஸுக்குள் ஈரக்காற்று ஊறி இறங்கும். டார்ச் நுனியில் கேஸ் இறங்கும் செராமிக் கப்பின் உள்ளேயும் மெல்லிய நீர்ப்படலம் இருக்கும். ஹெச்.எஃப். மின்சாரம் கள்ளத்தனமானது, நனைந்த டார்ச் கேபிள் தரையில் சுருண்டு கிடந்தால் நுனிக்கு வருவதற்குள் பாதி வழியிலேயே கசிந்துவிடும். கேபிளைத் துடைத்து, சுருளைப் பிரித்து, சிமெண்ட் தரையில் படாமல் ஒரு மரக்கட்டை மேல் போடுங்கள். போஸ்ட் ஃப்ளோவை (ஆர்க் நின்ற பிறகும் கேஸ் ஓடும் நேரம்) அதிகபட்சம் வைத்து, டார்ச் ஸ்விட்சை ஒரு தட்டு தட்டிவிட்டு, ஆர்கான் முழுக்க ஓடி முடிய விடுங்கள். காலையில் இப்படி நாலைந்து முறை. அந்த இரண்டு நிமிட கேஸை மிச்சம் பிடித்து ஒரு புண்ணியமும் இல்லை. தகட்டை வெறும் துணியால் துடைத்தால் போதாது. ஹீட் கன்னால் கை பொறுக்கும் சூடு வரைக்கும் காட்டி, ஆறியதும் அசிட்டோனில் நனைத்த வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணி வெள்ளையாக இருந்தால்தான் அழுக்கு எவ்வளவு வருகிறது என்று தெரியும். வெல்டில் உருக்கிச் சேர்க்கும் ஃபில்லர் கம்பியையும் அதே போல ஒரு இழு.

அடுத்தது டங்ஸ்டன். 1.2 தகட்டுக்கு 2.4 தடிமன் வேண்டாம், 1.6 வாங்குங்கள். குறைந்த ஆம்பியரில் தடித்த டங்ஸ்டன் சூடேறாது. ஆர்க் நுனியில் நிலைக்காமல் பக்கவாட்டில் அலையும். சிவப்பு நுனி என்றால் தோரியம் கலந்தது, அதைத் தீட்டும் தூசி மூச்சில் போவது நல்லதல்ல. லாந்தனம் 2 சதவீதம் கலந்த நீல நுனி அதே அளவு நன்றாக ஆர்க் பிடிக்கிறது. நான் முழுக்க அதற்கு மாறிவிட்டேன். தீட்டும் விதத்தில்தான் பையன்கள் தவறுகிறார்கள். பென்சில் சீவுகிற மாதிரி கல்லின் குறுக்கே வைத்துச் சுற்றினால் நுனியைச் சுற்றி வளையம் வளையமாகக் கோடு விழும், ஆர்க் அந்தக் கோட்டில் தாவித் தாவி ஓடும். டங்ஸ்டனைக் கல் சுற்றும் திசையிலேயே நீளவாக்கில் வைத்து, விரலால் மெதுவாக உருட்டுங்கள். கூர்மையின் நீளம் தடிமனைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு. கடைசியில் நுனியைத் துளியூண்டு மழுக்கிவிடுங்கள், இல்லையென்றால் அந்த ஊசிமுனை உடைந்து வெல்டுக்குள் விழும். இந்தக் கல்லில் இரும்பு, அலுமினியம் எதையும் தீட்டக் கூடாது. டங்ஸ்டன் ஒரு தடவை உருகலில் பட்டுவிட்டால் தீட்டாமல் தொடராதீர்கள்.

டார்ச் நெகட்டிவில், எர்த் பாசிட்டிவில். அதே மெஷினில் ஸ்டிக் வெல்டிங் வேலை செய்துவிட்டு வயரை மாற்ற மறந்தால் டங்ஸ்டன் நுனி உருண்டையாக உருகி நிற்கும், அது ஒன்றே அடையாளம். எர்த் கிளாம்ப்பை மேசைக் காலில் மாட்டாமல் வேலை செய்யும் தகட்டிலேயே மாட்டுங்கள். மஞ்சு ஊரில் மேசையெல்லாம் மெல்லிய துருதான்.

இனி கறுப்பு. என் வாழ்க்கையில் ஒரு வாரம் இதில் போயிருக்கிறது. ஒரு ஃபேக்டரியின் தட்டு வேலையில் வெல்டு முழுக்க ஊசித்துளை. கேஸ் போதவில்லை என்று நிமிடத்துக்கு 8 லிட்டரை 12 ஆக்கினேன், 18 ஆக்கினேன். கூட்டக் கூட மோசமானது. அளவுக்கு மீறி விட்டால் ஆர்கான் கப்பிலிருந்து அமைதியாக இறங்காமல் சுழித்துக்கொண்டு வெளியே உள்ள காற்றையும் இழுத்துக்கொள்ளும் என்று அப்போது எனக்குச் சொல்ல ஆளில்லை. கடைசியில் டார்ச்சைப் பிரித்துப் போட்டுப் பார்த்தால், பின் மூடியில் இருக்கும் சின்ன ஓ-ரிங் அறுந்திருந்தது. காற்று அந்த வழியாகத்தான் உள்ளே போயிருக்கிறது. ஆகவே 6 அல்லது 7 நம்பர் கப்புக்கு 7, 8 லிட்டர் வைத்துவிட்டு, ஓ-ரிங், கப்பில் விரிசல், கோலெட் பாடி (டார்ச்சுக்குள் டங்ஸ்டனைப் பிடிக்கும் பாகம்) இறுக்கம் மூன்றையும் பாருங்கள். இணைப்புகளுக்குச் சோப்பு நுரை தடவுங்கள். ராத்திரி ரெகுலேட்டரில் அழுத்தம் நிற்கும்போது சிலிண்டர் வால்வை மூடுங்கள், முள் காலையில் பூஜ்யத்தில் இருந்தால் எங்கேயோ கசிவு. 7 கன மீட்டர் சிலிண்டர் நிமிடத்துக்கு 8 லிட்டரில் 14 மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும், அந்தக் கணக்கையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டங்ஸ்டன் கப்புக்கு வெளியே 4, 5 மி.மீ. நீட்டினால் போதும். ஷட்டர் பக்கமிருந்து காற்று வருகிறதென்றால் ஒரு தகரத்தை மறைப்பாக நிறுத்துங்கள்.

இதெல்லாம் சரியா என்று பார்க்க எனக்குத் தெரிந்த நல்ல சோதனை ஒன்றுதான். சுத்தமான எஸ்.எஸ். துண்டில் ஃபில்லர் இல்லாமல் மூன்று விநாடி ஆர்க் கொடுத்து ஒரு பொட்டு வையுங்கள். ஸ்விட்சை விட்டதும் கையை எடுக்காதீர்கள். கேஸ் ஓடி முடியும் வரை, 8 விநாடியாவது, டார்ச் அதே இடத்தில் நிற்கட்டும். பொட்டு வெள்ளிக் காசு போலவோ இளம் பொன் நிறத்திலோ இருந்தால் ஆர்கான் சரியாக மூடுகிறது. சாம்பல் பூத்து, ஓரம் கறுத்தால் காற்றோ ஈரமோ உள்ளே வருகிறது. டங்ஸ்டனையும் பாருங்கள்: பளிச்சென்று இருக்க வேண்டும், நீலமோ ஊதாவோ ஓடியிருந்தால் போஸ்ட் ஃப்ளோ போதவில்லை.

பால் டேங்க் மாதிரி மூடிய பாத்திரத்துக்குள் இறங்கி வேலை செய்ய நேர்ந்தால் மட்டும் தனியாகப் போகாதீர்கள். ஆர்கான் காற்றைவிடக் கனமானது, மணமும் நிறமும் இல்லாமல் அடியில் தேங்கி மூச்சுக்கான காற்றைத் தள்ளிவிடும். வெளியே ஒருவர் நிற்கட்டும், உள்ளே காற்று ஓடட்டும்.

நாளைக் காலை மஞ்சு இருக்கும்போதே அந்தப் பொட்டை வைத்துப் பாருங்கள், பதினோரு மணிக்கு இன்னொன்று வையுங்கள். இரண்டும் என்ன நிறத்தில் வந்தன என்று எழுதுங்கள், அடுத்து எதைப் பிரிப்பது என்று சொல்கிறேன்.