ஒரு தட்டுப் பிந்தும் அம்புக்குறி

அண்ணா, வணக்கம்.

வீட்டுத் தண்ணீர்த் தாங்கிக்கு ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் பைதன் மொழியில் ஸ்கிரிப்ட் ஒன்று எழுதியிருக்கிறேன். 2 செக்கனுக்கு ஒருமுறை மட்டத்தைப் பார்த்து, நிரம்பினால் மோட்டரை நிறுத்தும். இடையில் நானும் கட்டளை கொடுக்கலாம் என்று திரும்பத் திரும்பச் சுற்றும் லூப்புக்குள், தட்டுவதை வாங்கும் இன்புட் போட்டேன். அது என்டருக்காகக் காத்து நிற்க, தாங்கி வழிந்து, அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிறகு, உள்ளீடு வந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் செலக்ட் போட்டேன். அதற்கும் என்டர் தேவைப்பட்டது. கட்டளை தட்டும் டெர்மினலை, என்டருக்குக் காத்திராத சீபிரேக் நிலைக்கு மாற்றியதும் எழுத்துகள் உடனே வருகின்றன. ஆனால் மேல் அம்புக்குறியைத் தட்டினால் மோட்டர் ஓடும் நேரம் 5 நிமிடம் கூட வேண்டும். முதல் தட்டில் ஒன்றும் நடப்பதில்லை, இரண்டாவது தட்டில்தான் முதலாவது நடக்கிறது. பைதனில் பிழையா? திரெட் (பக்கத்தில் தனியாக ஓடும் பகுதி) போட்டு எழுதட்டுமா?

ஒரு வாசகர், கோப்பாய்

தம்பி,

பைதனில் பிழை இல்லை. இதே இடத்தில் நானும் ஒரு இரவைத் தொலைத்திருக்கிறேன், கீபோர்ட்டைக்கூட மாற்றிப் பார்த்தேன்.

என்டர் விஷயம் சின்னது. சாதாரண நிலையில் ஒரு வரி முடியும்வரை எழுத்துகளை, இயங்குதளத்தின் மையமான கேர்னலில் உள்ள டெர்மினல் டிரைவரே பிடித்து வைத்திருக்கும். பேக்ஸ்பேஸ் அழிப்பதும் அங்கேதான். அதனால் செலக்ட் 'ஒன்றும் வரவில்லை' என்று சொன்னது பொய்யல்ல. சீபிரேக் அந்தப் பிடியை விடுவிக்கிறது.

அம்புக்குறிக்கு வருவோம். அது ஒரு எழுத்தல்ல. எஸ்கேப், சதுர அடைப்புக்குறி, ஏ என்று 3 பைட். நீங்கள் ஸ்டாண்டர்ட் இன்புட்டில் ஒரு எழுத்துத்தான் கேட்டிருப்பீர்கள். பைதன் மூன்றையும் அள்ளித் தன் பஃபரில் (தற்காலிகச் சேமிப்பில்) போட்டுக்கொண்டு உங்களுக்கு ஒன்றைத் தருகிறது. அடுத்த சுற்றில் செலக்ட் கேர்னலைத்தான் பார்க்கும், பைதனின் பஃபர் அதற்குத் தெரியாது. இப்படி நினையுங்கள்: படலையில் போய்த் தபால் பெட்டியைப் பார்க்கிறீர்கள், வெறுமை. கடிதத்தையோ யாரோ முன்பே எடுத்து விறாந்தை மேசையில் வைத்துவிட்டார்கள். இரண்டாம் முறை தட்டும்போது புது 3 பைட் வருகிறது, செலக்ட் 'இருக்கிறது' என்கிறது, நீங்கள் வாசிப்பதோ மேசையில் கிடந்த மிச்சத்தை. பழைய தட்டு முடிந்து, புதிய தட்டு மேசைக்குப் போகிறது. இப்படியே எப்போதும் ஒன்று பின்னால்.

தீர்வு ஒரே வரி. செலக்ட்டுக்குப் பிறகு பைதனின் ஓ.எஸ். மொடியூலில் உள்ள ரீட்டைக் (os.read) கொண்டு நேரே வாசியுங்கள், 1024 பைட் என்று தாராளமாகக் கேளுங்கள். இருப்பது மட்டும் வரும், பஃபர் குறுக்கே வராது. பேர்ள் மொழியில் எழுதுபவர்களுக்கும் இதே புத்திமதி: செலக்ட்டோடு சிஸ்ரீட். செலக்ட்டின் காத்திருப்பு நேரத்தை 2 செக்கன் என்று வையுங்கள், தனியாக ஸ்லீப் தேவையில்லை. வாசித்தது வெறுமையாக வந்தால் உள்ளீடு முடிந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகும் கேட்டுக்கொண்டிருந்தால் செலக்ட் ஒவ்வொரு முறையும் உடனே 'தயார்' என்று சொல்ல, லூப் தலைதெறிக்கச் சுற்றும், சிபியூ கொதிக்கும்.

திரெட் வேண்டாம். இன்புட்டில் மாட்டிய திரெட்டை வெளியே இழுக்க நல்ல வழியில்லை, டீமனாக்கி (ஸ்கிரிப்ட் முடியும்போது தானும் சாகும்படி குறித்து) அப்படியே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். விண்டோஸில் என்றால் கதை வேறு: அங்கே செலக்ட் சாக்கெட்டுகளுக்கு (நெட்வொர்க் இணைப்புகளுக்கு) மட்டுமே, எம்எஸ்விசிஆர்டி மொடியூலின் கேபிஹிட்டைப் பிடிக்க வேண்டும். உங்களிடம் இருப்பது லினக்ஸ், காணும்.

யாராவது 'நொன்-புளொக்கிங் (காத்திராமல் உடனே திரும்பும்) கொடியைப் போடு, முடிந்தது' என்பார்கள். நான் போடமாட்டேன். டெர்மினலில் உள்ளீடும் வெளியீடும் பெரும்பாலும் ஒருமுறை திறந்த ஒரே கோப்பின் இரண்டு கைப்பிடிகள். கொடியை ஒன்றில் போட்டால் மற்றதிலும் விழும், பெரிதாக எதையாவது பிரிண்ட் செய்யும்போது அது தடுமாறும்.

பழைய டெர்மினல் நிலையைத் தொடக்கத்திலேயே எடுத்து வைத்து, ஸ்கிரிப்ட் எப்படி முடிந்தாலும் ஓடும் ஃபைனலி பகுதியில் திருப்பிக் கொடுங்கள். மறந்தால் ஸ்கிரிப்ட் செத்த பிறகு நீங்கள் தட்டுவது திரையில் தெரியாது. அப்போது பதறாமல், கண்ணை மூடிக்கொண்டு 'எஸ்டிடிவை சேன்' (stty sane) என்று தட்டி என்டர் கொடுங்கள், சரியாகிவிடும்.

இன்னொன்று, ஸ்கிரிப்டைப் பற்றியதல்ல. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கும் நமக்குக் கிணற்றை விட்டால் வற்றாத ஆறா ஓடுகிறது? அளவுக்கு மேல் இறைத்தால் உப்பு ஏறும். ராஸ்பெரி பை உறைந்து போகும் நாளும் வரும். மோட்டர் வயரில் ஒரு மிதவைச் சுவிட்சையும் பூட்டிவிடுங்கள், ஸ்கிரிப்ட் அதற்கு மேலே இருக்கட்டும்.