பட்டமளிப்பு விழாவில் அரசியல்வாதி பேசுவது சரியா?

சிங்கப்பூரில் பட்டமளிப்பு மேடைக்கு ஏன் அமைச்சர்களை அழைக்கிறார்கள், அது கட்சிப் பிரசாரம் ஆகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் ஒன்று, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் வேந்தரே நாட்டின் அதிபர்தான், முன்பு எஸ். ஆர். நாதன், இப்போது தர்மன் சண்முகரத்னம். அதிபர் எந்தக் கட்சியிலும் இருக்கக்கூடாது என்பது சட்டம், அதனால்தான் தர்மன் 2023-இல் தேர்தலுக்கு முன்பே மக்கள் செயல் கட்சியை விட்டு விலகினார்.

அமைச்சர் விஷயம் வேறு. அவர் கட்சிக்காரர், அதோடு பல்கலைக்கழகங்களுக்கு அரசு நிதியும் வருகிறது, ஆகவே அழைப்பு இயல்பாகவே போகிறது. ஆனால் விழா ஒரே நாளில் முடிவதில்லை, துறைவாரியாகப் பல அமர்வுகள் நடக்கும், பலவற்றில் முன்னாள் மாணவர்களோ தொழில்துறையினரோதான் பேசுவார்கள். பட்டதாரிகள் சார்பில் ஒரு மாணவரும் பேசுவார்.

என்னைக் கேட்டால், அரசியல்வாதி வரலாம், தான் வேலை பார்த்த அனுபவத்தை மனம்விட்டுச் சொல்லலாம். கட்சிச் சாதனைப் பட்டியல் மட்டும் வேண்டாம். கறுப்பு அங்கியில் பிள்ளை மேடையேறிக் கைகுலுக்கும் அந்தச் சில வினாடிகளைப் படம் பிடிக்க, பட்டுப்புடவையில் வந்த பாட்டி கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார். அந்த மண்டபம் அவர்களுக்கானது. பேச்சாளர் பிடிக்கவில்லையா, அழைப்பு உறுதியாகும் முன்பே மாணவர் சங்கம் வழியாக நிர்வாகத்துக்கு எழுதுங்கள்.