கிடுகு வேலிக்குப் பதில் மதில்: அனுமதியும் எல்லையும்

மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிகுடியில் பிரதான வீதியோரக் கிடுகு வேலியைப் பிரித்து மதில் எழுப்பப் போவதாகவும், பக்கத்து வீட்டார் எல்லை சரியில்லை என்று தடுப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். பொறுங்கள், அத்திவாரம் வெட்ட வேண்டாம். வீதியைப் பார்த்த மதிலுக்குப் பிரதேச சபையில் அனுமதி எடுக்க வேண்டும். வீதிக்கோடு, அதாவது வீதிக்கென ஒதுக்கிய இடத்தின் எல்லை, எங்கே வருகிறது என்று முதலில் கேளுங்கள். உங்கள் பிரதான வீதி ஏ4 என்ற தேசிய நெடுஞ்சாலை, ஆகவே அதற்குப் பொறுப்பான வீதி அபிவிருத்தி அதிகார சபையிலும் விசாரிப்பது நல்லது.

அப்புறம் பக்கத்து எல்லை. காணி உறுதியையும் (உரிமைப் பத்திரம்) பழைய காணி வரைபடத்தையும் கொடுத்து, உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு அளந்து, அயலவர் நிற்கும்போதே எல்லைக்கல் போடுங்கள். பூவரசு மரத்தை அடையாளமாக நம்பாதீர்கள். அது தன்பாட்டுக்குப் பருக்கும், சண்டையும் கூடவே பருக்கும். இணங்காவிட்டால், பிணக்கைப் பேசித் தீர்த்துவைக்கும் மத்தியஸ்த சபைக்குப் போங்கள். வழக்கென்று இழுபட்டால் மதில் செலவையே தாண்டிவிடும்.