எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கோயிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் மறுவாரம் வருவதில்லையே, அவர்களை எப்படி வரவேற்பது?

நீங்கள் சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டிக்குப் புதிதாக வந்த இளைஞர் என்று நினைக்கிறேன். வாசலில் வரவேற்புக் குழு, நிரப்பிக் கொடுக்க ஒரு படிவம், ஆராதனை முடிந்ததும் காபி, இத்தனை வைத்தும் ஆட்கள் நிற்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அந்தப் படிவத்தை எடுத்துவிடுங்கள். அதில் சொந்த ஊர், தகப்பனார் பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும், பார்க்காமலே சொல்கிறேன்.

திருநெல்வேலிச் சீமையில் "உங்களுக்கு எந்த ஊரு?" என்பது எதற்கு என்று நமக்கெல்லாம் தெரியும். ஊரைச் சொன்னால் அடுத்து எந்தத் தெரு. தெருவைச் சொன்னால் யார் வீடு, தாத்தா பேர் என்ன. நாலாவது கேள்விக்குள் சாதி தெரிந்துவிடும், சாதி என்ற சொல்லே வாயில் வராமல். "நாங்கள் பாசத்தில்தான் கேட்கிறோம், ஒரே ஊர்க்காரராக இருந்தால் சந்தோஷம்தானே" என்று இங்கே சிலர் எழுத வருவீர்கள். பாசத்தில் கேட்கிறவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கேட்கப்படுகிறவருக்கு அது பாசமா விசாரணையா என்று எப்படித் தெரியும்?

கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரருக்குத் தென்காசிப் பக்கம் மாற்றல் வந்தது. கைக்குழந்தையோடு முதல் ஞாயிறே அங்கிருந்த கோயிலுக்குப் போனோம். அவர் ஆண்கள் பக்கம் போய்விட்டார். நான் பெண்கள் பக்கம் நடுவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா சிரித்த முகமாகத்தான் பேச ஆரம்பித்தார்கள். எந்த ஊரு என்றார்கள், சொன்னேன். கோயிலுக்கு வடக்கேயா தெற்கேயா என்றார்கள், அதையும் சொன்னேன். அதற்குப் பிறகு அவர்கள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டவில்லை, எழுந்து போகவில்லை. பைபிளைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். அந்த ஊரில் இருந்த காலமெல்லாம் சபைக்குக் கொடுக்கும் சந்தாவான சங்கக் காணிக்கையை வாங்க மட்டும் எங்கள் வீட்டுக்கு ஆள் வந்தது. குழந்தைக்குக் காய்ச்சல் வந்து வாரக்கணக்கில் கோயிலுக்குப் போகாதபோது ஏன் வரவில்லை என்று கேட்க ஒருவரும் வரவில்லை. யாரையும் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது எனக்கு இன்றும் வலிக்கிறது.

பிறகு பாளையங்கோட்டைக்கு வந்தோம். இங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக் கடைசிப் பெஞ்சு ஓரத்தில், எழுந்து போக வசதியாக நின்றேன். வீடு வீடாகப் போய் பெண்களுக்கு வேதம் சொல்லிக் கொடுக்கும் பைபிள் அம்மாவாக வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பாட்டி அங்கே உட்கார்ந்திருந்தார்கள். "இங்கன வா தாயி, உக்காரு, பிள்ளைய எங்கிட்ட கொடு" என்று நகர்ந்து இடம் விட்டார்கள். பாட்டுப் புத்தகமான பாமாலையைச் சரியான பாட்டுக்குத் திறந்து என் கையில் வைத்தார்கள். முழங்கால் போடும் இடம் வந்ததும் என் முழங்கையை லேசாகத் தொட்டார்கள். என் பேரைக்கூட அன்றைக்குக் கேட்கவில்லை. பிள்ளை பேரைத்தான் கேட்டார்கள். என் ஊரை நானாகச் சொல்ல எவ்வளவோ காலம் ஆயிற்று. அதற்குள் அவர்கள் எங்கள் வீட்டில் ஒருத்தராக ஆகியிருந்தார்கள்.

அந்த ஆராதனையில் சமாதானம் கொடுக்கும் நேரம், அதாவது பக்கத்தில் இருப்பவரோடு கை சேர்த்து வாழ்த்தும் நேரம், வந்தது. உங்கள் கோயிலில் இப்போது அதைத் தலையசைப்போடு முடித்துவிடுகிறார்களா? அப்படியானால் அதையும் பாருங்கள். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கர், மெதடிஸ்டுகள், பிரெஸ்பிட்டேரியர், காங்கிரகேஷனலிஸ்டுகள் எல்லாரும் சேர்ந்து சி.எஸ்.ஐ. என்ற ஒரே திருச்சபையானார்கள். அதன் பிறகு உருவான திருவிருந்து (அப்பமும் ரசமும் பெறும் ஆராதனை) முறைமையில் இந்தச் சமாதானத்தைக் கேரளத்துச் சிரியன் சபைகளின் வழக்கத்திலிருந்து எடுத்துச் சேர்த்தார்கள். கொடுப்பவர் தன் வலது உள்ளங்கையை வாங்குகிறவரின் வலது உள்ளங்கையோடு சேர்க்க வேண்டும். பிறகு இருவரும் இடது கையால் மற்றவர் வலக்கையை மூடிக்கொள்ள வேண்டும். ஆலயத்துக்குள் யாரும் யாரையும் தொடாமல் திரும்பிப் போக முடியாதபடி நம் பெரியவர்கள் செய்து வைத்த ஏற்பாடு அது. தீண்டாமை இருக்கும் மண்ணில் இதைவிடப் பெரிய வரவேற்பு என்ன இருக்கிறது? எந்த வரவேற்புக் குழுவுக்கும் முன்னால் இது நம் புத்தகத்திலேயே இருக்கிறது. அந்தப் பாட்டியின் கை என் கையை மூடியபோது தென்காசிப் பக்கத்துப் பெஞ்சு நினைவுக்கு வந்து அழுதுவிட்டேன்.

"புதியவர்கள் வந்தால் நம் சபையின் பாரம்பரியம் என்னாகும்?" என்று கமிட்டியில் யாராவது கேட்டால் அந்தப் பாரம்பரியத்தையே சொல்லுங்கள். குளோரிந்தா அம்மையார் பிராமண விதவை, ஓர் ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்தவர். அந்தக் காரணத்துக்காக முதலில் அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்க மறுத்த மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் (போதகர்களை நாங்கள் ஐயர் என்போம்), அந்த அதிகாரி இறந்த பிறகு 1778இல் கொடுத்தார். அந்த அம்மா முன்நின்று கட்டிய கோயிலை 1785இல் அதே சுவார்ட்ஸ் ஐயர் வந்து பிரதிஷ்டை செய்தார். பாப்பாத்தியம்மாள் கோயில் என்று பாளையங்கோட்டையில் இன்றும் சொல்கிறோம். காக்க வைக்கப்பட்ட ஒரு பெண்ணிடமிருந்து தொடங்கிய சபை இது. முதலூர் எப்படி வந்தது? இருந்த இடத்தில் வாழ விடாமல் துரத்தப்பட்டவர்கள் குடியேற 1799இல் நிலம் வாங்கி உண்டாக்கிய ஊர் அது. மிஷனரி ரேனியஸ் ஐயர் 1830இல் தர்ம சங்கம் தொடங்கியதும் அப்படிப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுக்கத்தான். இடமில்லாதவர்களுக்கு இடம் கொடுத்து வளர்ந்தவர்கள், இன்றைக்கு வாசலில் ஊர் பேர் கேட்கலாமா?

பாட்டி காலமான பிறகு அந்தக் கடைசிப் பெஞ்சில் நான் உட்காருகிறேன். ஒரு ஞாயிறு, முதல் பாட்டு நடந்துகொண்டிருக்கும்போது ஒரு திருநங்கை வந்து வாசல் மண்டபத்தில் நின்றார். உள்ளே வலது பக்கம் ஆண்கள், இடது பக்கம் பெண்கள். எந்தப் பக்கம் போனாலும் யாராவது எழுப்பிவிடுவார்கள் என்ற பயம் அவர் முகத்தில் தெரிந்தது. காணிக்கைப் பை எடுக்கிற அண்ணாச்சி ஐயரைப் பார்க்கிறார், ஐயர் பீடத்தில் இருக்கிறார். நான் எழுந்து போய், "வாங்க, என் பக்கத்துல உக்காருங்க" என்று கூட்டி வந்தேன். முன் பெஞ்சில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் பாமாலையைத் திறந்து கொடுத்தேன். அவருக்குப் பாட்டு ஏற்கனவே தெரிந்திருந்தது! சிறு வயதில் ஞாயிறு பள்ளிக்குப் போன பிள்ளையாம், பின்னால்தான் சொன்னார். சமாதானம் கொடுக்கும்போது முன் பெஞ்சில் இருந்தவர்களில் ஒருவர் திரும்பி அவருக்குக் கை கொடுத்தார், மற்றவர் கொடுக்கவில்லை. கொடுத்தவருக்காக நான் கர்த்தருக்கு நன்றி சொன்னேன். அந்தத் திருநங்கை இப்போது எங்கள் கொயரில் பாடுகிறார்.

இதைப் படித்துவிட்டு வசனம் காட்டிச் சண்டைக்கு வருகிறவர்கள் வரட்டும். நான் இறையியல் படித்தவள் இல்லை, யாருடைய வாழ்க்கைக்கும் தீர்ப்பு எழுதவில்லை. உட்கார இடம் கொடுப்பதைப் பற்றி மட்டும் பேசுகிறேன். நம் கோயிலில் எல்லாருக்கும் போடும் விருந்தான அசனத்தில் யாரையாவது யார் என்று கேட்டுப் பந்தியில் உட்கார வைக்கிறோமா? இந்து, முஸ்லிம் அக்கம்பக்கத்தார் எல்லாரும் வந்து சாப்பிட்டுப் போகிறார்கள், நமக்கு அது பெருமையாகவும் இருக்கிறது. வருஷத்தில் ஒரு நாள் சோற்றுக்கு முடிகிறது ஜெபத்துக்கு மட்டும் முடியாதா?

கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்களுக்குத் தெரிந்த ஒரு கோயில் வளாகத்தில் பழைய வேப்ப மரங்களை வெட்டிவிட்டுக் கார் நிறுத்தப் பேவர் பிளாக் போட்டுவிட்டார்கள். ஐப்பசி மழையில் தண்ணீர் இறங்க இடமில்லாமல் வாசல்படி வரை நிற்கிறது, சித்திரை வெயிலில் கால் வைக்க முடியவில்லை. ஆராதனை முடிந்து மரத்தடியில் ஒரு மணி நேரம் நின்று பேசிய கூட்டம் இப்போது நேராக வண்டிக்குப் போகிறது. மரத்தை வெட்டக் கமிட்டியில் ஒரே கூட்டத்தில் தீர்மானம் போட்டார்கள். நட வேண்டும் என்று நாங்கள் எழுதிக் கொடுத்த மனுவை இன்னும் வாசிக்கவில்லை. உங்கள் கோயிலில் மரம் இருந்தால் தயவுசெய்து காப்பாற்றுங்கள்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? "புதிதாக வந்தவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்று மைக்கில் சொல்வதை நிறுத்தச் சொல்லுங்கள். எழுந்து நின்று பேர் சொல்லத் தைரியம் உள்ளவர்களுக்கு வரவேற்பு தேவைப்படாது. கடைசி இரண்டு பெஞ்சிலும் இரண்டு பக்கமும் பேசத் தெரிந்தவர்களை அல்ல, பேசாமல் இருக்கத் தெரிந்தவர்களை உட்கார வையுங்கள். வயதான பெண்கள் நல்லது. அவர்கள் கையில் கூடுதலாகப் பாமாலையும் ஆராதனை முறைமைப் புத்தகமும் இருக்கட்டும், எழுத்து பெரிதாக அச்சிட்டது. சக்கர நாற்காலி வந்தால் நிறுத்த ஒரு பெஞ்சின் பாதியை எடுத்துவிடுங்கள், பின்னால் அல்ல, நடுவில். எங்கள் கோயிலில் திருவிருந்து நேரத்தில் ஞானஸ்நானம் பெறாதவர்களும் முன்னே போய் முழங்கால் போட்டால் ஐயர் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கிறார். அதை முன்கூட்டியே அவர்கள் காதில் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் எல்லாரும் போகும்போது தனியாக உட்கார்ந்திருப்பார்கள். திருவிருந்து எடுக்கலாமா என்று கேட்டால் நீங்களாகப் பதில் சொல்லாதீர்கள். ஐயரிடம் கூட்டிப் போய் விட்டுவிட்டு, அவர்கள் பேசி முடிக்கும் வரை வெளியே நில்லுங்கள்.