பாட்டு முந்தியா, இயக்கம் முந்தியா?

கேள்வி: பாடகி ஹெலன் ரெடியின் வாழ்க்கையைச் சொல்லும் ‘ஐ ஆம் வுமன்’ படம் பார்த்தேன். அவர் பாடிய ஒரு பாட்டால்தான் அமெரிக்கப் பெண்கள் இயக்கமே எழுந்தது என்ற எண்ணம் வருகிறது. நம்பலாமா?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: வேண்டாம். 1970 ஆகஸ்ட் 26 அன்றே நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் பல்லாயிரம் பெண்கள் சம உரிமை கேட்டு ஊர்வலம் போய்விட்டார்கள். ரெடி எழுதி, ரே பர்ட்டன் இசையமைத்த அந்த ‘ஐ ஆம் வுமன்’ பாட்டு ஆல்பத்தில் வந்ததே 1971-ல்தான். வந்தபோது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. மறு ஆண்டு புதிதாகப் பதிவு செய்து தனி இசைத்தட்டாக விட்டார்கள். விற்பனைப் பட்டியலில் எட்டிப் பார்த்துவிட்டுக் கீழே விழுந்தது. வானொலிக்காரர்களுக்கு அதை ஒலிபரப்ப மனமில்லை. ரெடி விடாமல் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் பாடினார். கேட்ட பெண்கள் வானொலி நிலையங்களைத் தொலைபேசியில் அழைத்து, அந்தப் பாட்டைப் போடச் சொல்லி நச்சரித்தார்கள். 1972 டிசம்பரில் முதலிடம்! தூக்கிவிட்டவர்கள் பெயர் தெரியாத அந்தப் பெண்கள். அவர்களைப் பற்றி யாராவது படம் எடுத்தால் முதல் டிக்கெட் எனக்கு.

ரெடியைக் குறைத்துச் சொல்லவில்லை. 1966-ல் மூன்று வயது மகளுடன் ஆஸ்திரேலியாவிலிருந்து நியூயார்க் வந்து, நம்பி வந்த வாய்ப்பு கைவிட்டுப் போன பிறகும் ஊர் திரும்பாதவர். படத்தில் ரெடியாக வரும் டில்டா காபம்-ஹெர்வி அந்த வைராக்கியத்தை நன்றாகவே நடித்துக் காட்டுகிறார். ரெடிக்குப் பெண்ணுரிமைச் சிந்தனையை ஊட்டிய தோழி லிலியன் ராக்ஸனும் படத்தில் உண்டு. 1969-லேயே ராக் இசைக்குக் கலைக்களஞ்சியம் எழுதிய பத்திரிகையாளர். 41 வயதில் ஆஸ்துமாவுக்குப் பலியானார். அந்த நட்புதான் படத்தின் உயிர். ஆனால் பாடகியின் கதை என்றால் கணவனின் போதைப் பழக்கத்துக்கு நடு வீட்டில் பாய் விரித்தே ஆக வேண்டும் என்று எந்தப் புண்ணியவான் விதித்தாரோ!

அந்தப் போதைக் காட்சிகளுக்குச் செலவழித்த நேரத்தில் கொஞ்சத்தைச் சம உரிமைத் திருத்தத்துக்குக் கொடுத்திருக்கலாம். ஆணுக்கும் பெண்ணுக்கும் சம உரிமை என்று அமெரிக்க அரசியலமைப்பிலேயே எழுதிவைக்க, பாட்டு முதலிடம் பிடித்த அதே 1972-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் நிறைவேறிய திருத்தம் அது. 38 மாநிலங்களின் ஒப்புதல் தேவை, 35-ல் நின்றது, 1982-ல் கெடுவும் முடிந்தது. எதிர்ப்புக்குத் தலைமை தாங்கிய ஃபிலிஸ் ஷ்லாஃப்லியும் ஒரு பெண்தான். அந்தப் பாட்டைக் கொண்டாடிய நாட்டில் அந்தத் திருத்தம் ஏன் தோற்றது என்று படம் நின்று கேட்கவில்லை.