பழைய ட்வின் டப் வாஷிங் மெஷினைத் திருத்தலாமா, பழைய இரும்புக்குப் போடலாமா?

கேள்வி இதுதான்: ஹட்டன் பக்கத்தில் பாட்டி வீட்டில் துவைக்க ஒரு தொட்டி, பிழிய ஒரு தொட்டி என்று இருக்கும் முப்பது வருஷப் பழைய ட்வின் டப் ஒன்று கிடக்கிறது. துவைக்கிற பக்கம் ஓடுகிறது. பிழிகிற பக்கம் 'உம்ம்' என்று முனகுவதோடு சரி. ஃபுல் ஓட்டோமெட்டிக் வாங்கிக்கொள்ளலாம் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள், பாட்டிக்கு மனசில்லை. என்ன செய்வது?

பாட்டி பக்கம்தான் நியாயம் இருக்கிறது. மலைநாட்டில் உடுப்பைத் துவைப்பது பெரிய வேலையில்லை, காயவைப்பதுதான் வேலை. மே முதல் செப்டம்பர் வரை ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கம் வெயிலைக் காண்பதே அபூர்வம். பதுளை, பசறைப் பக்கம் அந்த மாதங்களில் காய்ந்தாலும் மார்கழி, தை மழையில் மாட்டிக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை பீலியில் துவைத்த வெள்ளைச் சட்டையைத் திங்கள் காலை பள்ளிக்கூடத்துக்குப் போட அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயவைத்து, வகுப்பே புகை வாசம் அடித்த காலம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அந்தத் தொல்லைக்கு மருந்து, பிழிகிற தொட்டி.

கணக்குப் பார்ப்போம். ட்வின் டப்பின் பிழிகிற தொட்டி சின்னது, விட்டம் 24 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். ஆனால் நிமிடத்துக்கு 1300 சுற்று ஓடும். உள்ளே இருக்கும் துணியின் மேல் விழும் விசை புவியீர்ப்பைப் போல 225 மடங்கு. மேலால் போடுகிற ஃபுல் ஓட்டோமெட்டிக் ஒன்று 45 சென்டிமீட்டர் தொட்டியை 700 சுற்றில் ஓட்டினால் வருவது ஏறக்குறைய 120 மடங்குதான். தொட்டி பெரிதென்றாலும் பிழிவு பாதி. முன்னால் கதவுள்ள மெஷின் 1000 சுற்றுக்கு மேல் ஓடினால் ட்வின் டப்புக்குச் சமமாக வரும், விலையும் அதற்கேற்றபடி இருக்கும்.

தண்ணீர் விஷயமும் இருக்கிறது. ஓட்டோமெட்டிக் மெஷினுக்குக் குழாயில் அழுத்தம் வேண்டும். டாங்கி மெஷினுக்கு மேல் குறைந்தது மூன்று மீட்டர் உயரத்திலாவது இருந்தால்தான் பெரும்பாலான மெஷின்களின் வால்வு ஒழுங்காகத் திறக்கும். ட்வின் டப்புக்கு வாளியால் ஊற்றினாலும் போதும். கரண்ட் போனாலும் புரோகிராம் குழம்பாது. டைமர் ஸ்பிரிங்கில் ஓடுவதால் அது பாட்டுக்கு ஓடி நின்றுவிடும், கரண்ட் வந்ததும் மறுபடி திருகினால் சரி.

இனி அந்த முனகலைப் பார்ப்போம்.

பிளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை மட்டும் நிறுத்தினால் போதாது. மெஷினின் பின்பக்கத் தகட்டைக் கழற்றினால் பிழிகிற தொட்டிக்கு நேர் கீழே, மூன்று ஸ்பிரிங்கின் மேல் நிற்கும் மோட்டர் தெரியும். அதற்கும் தொட்டிக்கும் நடுவில் பிரேக் சில்லு, அதில் ஒரு பிரேக் கட்டை, அந்தக் கட்டையிலிருந்து மேலே மூடிக்குப் போகும் கம்பி. மூடியைத் திறந்தால் கட்டை சில்லைப் பிடிக்கும், மூடினால் விடும். அதனால் மூடியை மூடிவைத்துக்கொண்டு, பின்னால் கை விட்டுச் சில்லைச் சுற்றிப் பாருங்கள்.

லேசாகச் சுற்றுகிறதென்றால் சந்தேகம் கெப்பாசிட்டர் மேல். பழைய கெப்பாசிட்டர் வலுவிழந்துவிட்டால் மோட்டருக்குப் புறப்படும் உதை கிடைக்காது, கரண்டை இழுத்துக்கொண்டு முனகும். அப்படியே விட்டால் சுருள் சூடேறிக் கருகிவிடும், ஆகவே 'கொஞ்ச நேரம் பார்ப்போம்' என்று ஓடவிட வேண்டாம். பிழிகிற மோட்டருக்கு வழக்கமாக 4 முதல் 6 மைக்ரோஃபரட், துவைக்கிற மோட்டருக்கு 8 முதல் 12. சில மெஷின்களில் இரண்டுக்கும் சேர்த்து மூன்று வயருள்ள ஒரே பெட்டி இருக்கும், அதில் 10+5 என்பது போல எழுதியிருக்கும். அச்சடித்திருக்கும் எண்ணையே கேட்டு வாங்குங்கள், வோல்டேஜ் 450 என்று இருக்கட்டும். பெரிய எண் போட்டால் பலமாக ஓடும் என்று கடையில் சொன்னால் கேட்காதீர்கள், மோட்டர்தான் சூடாகும். கழற்றுவதற்கு முன் அதன் இரண்டு முனைகளையும் ஒரு 230 வோல்ட் குண்டு பல்பின் வயரால் தொட்டு, தேங்கியிருக்கும் கரண்டை இறக்கிவிடுங்கள்.

சில்லு இறுக்கமாக இருந்தால் கெப்பாசிட்டர் மாற்றிப் பயனில்லை. கம்பி நீண்டு போய்ப் பிரேக் கட்டை முழுதாக விலகாமல் இருக்கலாம். அதை ஒரு துளை தள்ளிக் கொளுவினாலே சரிவரும். அல்லது தண்டு துருப்பிடித்திருக்கும். மலைநாட்டு ஈரத்துக்கு இது சாதாரணம், அதுவும் பல மாதம் ஓடாமல் கிடந்த மெஷினில்.

தண்டில் துரு தெரிந்தால் அதற்கு மேலே பாருங்கள். தொட்டியின் அடியும் தண்டும் சேரும் இடத்தில், மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் இருக்கும். கடையில் அதை 'பெல்லோ' என்பார்கள். அந்த மடிப்பில் மயிரிழை வெடிப்பு விழுந்தால் சவர்க்காரத் தண்ணீர் நேராக மோட்டரின் தலையில் சொட்டும். முதல் அடையாளம் மெஷினுக்கு அடியில் தரையில் விழும் செம்பழுப்புத் துளி. அந்தத் துளியைக் கண்ட வாரமே ரப்பரை மாற்றினால் மோட்டர் பிழைக்கும். 'ஒழுகினால் ஒழுகட்டும், அடியில் பேசன் வைப்போம்' என்று விட்டால் ரப்பர் விலையில் முடிய வேண்டியது மோட்டர் விலையில் போய் நிற்கும். ட்வின் டப் சாவது பெரும்பாலும் இந்த ஒரு ரப்பரால்தான்.

முனகலே இல்லாமல் சத்தமின்றிக் கிடந்தால் மூடியின் அடியில் உள்ள சுவிட்ச், அடுத்தது டைமர். தட தடவென்று அடித்துக்கொண்டு சுற்றினால் மூன்று ஸ்பிரிங்கில் ஒன்று முறிந்திருக்கும், அல்லது துணியை ஒரு பக்கமாகத் திணித்திருப்பீர்கள். சுற்றத் தொடங்கி வேகம் பிடிக்காமல் இழுத்தால் வடிகால் குழாயைப் பாருங்கள். இந்த வகை மெஷினில் பம்ப் கிடையாது, தண்ணீர் தானாக வடிய வேண்டும். குழாயின் நுனி தரையிலிருந்து பத்து சென்டிமீட்டருக்கு மேல் உயர்ந்தாலே தண்ணீர் திரும்பி வந்து வெளித்தொட்டியில் நிற்கும், உள்தொட்டி அதைக் கலக்கிக்கொண்டு திணறும். இஸ்தோப்பில் வைத்து வாசற்படிக்கு மேலால் குழாயைக் கொண்டுபோகிற வீடுகளில் அடிக்கடி நடப்பது இது.

பிரேக்கைச் சரிபார்க்காமல் மெஷினைப் பாவனைக்குக் கொடுக்க வேண்டாம். ஓடும்போது மூடியைத் திறந்தால் பத்துப் பதினைந்து விநாடிக்குள் தொட்டி நின்றுவிட வேண்டும். நிற்காவிட்டால் பிள்ளைகள் உள்ள வீட்டில் அது ஆபத்து. மெதுவாகச் சுற்றுகிறதே என்று கை விட்டவர்களின் விரலைத் துணி சுற்றிக்கொள்ளும்.

துவைக்கிற பக்கம் ஓடுகிறது என்றாலும் பெல்ட்டை ஒரு தரம் அழுத்திப் பாருங்கள். நடுவில் விரலால் அமுக்கினால் ஒரு சென்டிமீட்டர் அளவு கொடுக்கலாம். அதற்கு மேல் தளர்ந்திருந்தால் மோட்டரின் போல்ட்டுகளைத் தளர்த்திப் பின்னுக்குத் தள்ளி இறுக்குங்கள். ரப்பர் கருகும் வாசமும், துணி போட்டதும் சுற்றுத்தட்டு (துவைக்கிற தொட்டிக்குள் சுற்றும் தட்டு) நிற்பதும் தளர்ந்த பெல்ட்டின் குணம். ஒரு பக்கம் மட்டும் சுற்றி மறுபக்கம் சுற்ற மறுத்தால் மோட்டரைக் குறை சொல்ல வேண்டாம், டைமருக்குள் ஒரு தொடுமுனை எரிந்திருக்கும். தண்ணீர் தானாகக் குறைந்துகொண்டே வந்தால் வடிகால் வால்வுக்குள் எதாவது சிக்கியிருக்கும். திறந்தால் தலைமுடி, சேலைப்பின், ஐந்து ரூபாய்க் குற்றி, பையில் மறந்த தேயிலைக் கொழுந்துக் காம்பு எல்லாம் வரும். அடிப்பகுதி திறந்திருந்தால் கம்பிவலை அடித்துவிடுங்கள். எலி வயரையும் பெல்ட்டையும் விடாது.

வோல்டேஜ் பற்றியும் சொல்ல வேண்டும். லைனின் கடைசியில் உள்ள வீடுகளில் மாலையில் 180 வோல்ட் வரை இறங்குவதுண்டு. இந்த மோட்டர்களின் முறுக்கு, அதாவது சுற்றும் பலம், வோல்டேஜின் வர்க்கத்தோடு குறையும். 230க்குப் பதில் 180 என்றால் மிஞ்சுவது 61 சதவீதம். மாலையில் மட்டும் முனகி, காலையில் நன்றாக ஓடினால் மெஷினில் பிழையில்லை. அதோடு, எர்த் இல்லாத இரண்டு முள் அடாப்டரில் தகரப் பெட்டி மெஷினைக் கொளுவவே வேண்டாம். மூன்று முள் பிளக், எர்த், 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிட்ச் மூன்றும் இருக்கட்டும். ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று செய்கிற வேலை இது.

உங்களுடையது ஜப்பான் வகை என்று வைத்தே இதுவரை சொன்னேன். ஹூவர் நிறுவனம் 1948இல் வேல்ஸின் மெர்தர் டிட்ஃபிலில் தொட்டிச் சுவரில் சுற்றுத்தட்டு வைத்த மெஷினைச் செய்யத் தொடங்கியது. சான்யோ 1953இல் அந்த வழியில் தன் மெஷினைக் கொண்டுவந்தது. இலங்கையில் 1977இல் இறக்குமதி திறந்த பிறகு வீடுகளுக்கு வந்தவை பெரும்பாலும் ஜப்பான் வகைதான்: ஹீட்டரும் இல்லை, பம்பும் இல்லை, கெட்டுப்போக அவ்வளவாக எதுவும் இல்லை. பழைய இங்கிலாந்து ட்வின் டப் என்றால் ஹீட்டர், பம்ப் இரண்டும் இருக்கக்கூடும், உதிரிப்பாகம் தேடுவது பெரும்பாடு. அதைத் திருத்தச் சொல்ல மாட்டேன்.

ஓடத் தொடங்கியதும் துவைக்கும் ஒழுங்கையும் பாட்டியிடமே கேளுங்கள். ஒரு தொட்டித் தண்ணீர், மூன்று சுற்று. முதலில் வெள்ளைப் பள்ளி உடுப்பு, அதே சவர்க்காரத் தண்ணீரில் அடுத்தது கலர் துணி, கடைசியில் கொழுந்து மலைக்குப் போட்டுக்கொண்டு போகிற உடுப்பு. நிரம்பிய தொட்டி 35 முதல் 45 லீட்டர் பிடிக்கும், மூன்று தரம் மாற்றி ஊற்றினால் எத்தனை வாளி என்று பாருங்கள்.

பவுடர் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில் பாதியே போதும். மலைநாட்டு ஊற்றுத் தண்ணீர் மென்தண்ணீர், யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கிணற்றுத் தண்ணீரைப் போல சவர்க்காரத்தைத் தின்னாது. அளவுக்கு மேல் போட்டால் நுரை பொங்கும், அந்த நுரை பிழிகிற தொட்டியைச் சுற்றி அடைத்துக்கொண்டு வேகம் பிடிக்கவிடாது. குளிர்ந்த தண்ணீரில் பவுடர் கரையாமல் வெள்ளைத் திட்டாகத் துணியில் ஒட்டும், ஆகவே ஒரு ஜக் சுடுதண்ணீரில் முதலில் கரைத்துக்கொள்ளுங்கள். முழுத் தொட்டியையும் வெதுவெதுப்பாக்க வேண்டுமென்றால், நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். 15 டிகிரித் தண்ணீர் 30 லீட்டரோடு அது 10 லீட்டர் சேர்ந்தால் 35 டிகிரி வரும். பச்சைத் தண்ணீரை முதலில் ஊற்றுங்கள், கொதிதண்ணீர் நேராக விழுந்தால் பிளாஸ்டிக் தொட்டி வளைந்துவிடும்.

கொழுந்துக்கறை உள்ள உடுப்பைச் சவர்க்காரம் தேய்த்து ஊறப்போடுவதுதான் நடக்கும் பெரிய பிழை. காரம் பட்டால் அந்தக் கறை இன்னும் கறுக்கும். முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு தேசிக்காய்ப் புளி தேய்த்து கால் மணி நேரம், அலசிவிட்டு அதன் பிறகு மெஷின்.

துவைக்கிற நேரம் தடித்த துணிக்கு ஏழெட்டு நிமிடம், மெல்லியதுக்கு மூன்று. துவைத்ததை அலசுவதற்கு முன் ஒரு நிமிடம் பிழியுங்கள். பலர் இதைச் செய்வதில்லை. சவர்க்காரத் தண்ணீர் அப்போதே வெளியேறிவிடுவதால் மூன்று அலசல் செய்ய வேண்டிய இடத்தில் ஒன்றோ இரண்டோ போதும். நீலம் போடுவதென்றால் கடைசி அலசலில், பேசனில் தனியாகக் கலக்கிப் போடுங்கள், தொட்டியில் கலந்தால் அடுத்த துணியில் திட்டு விழும்.

பிழிகிற தொட்டிக்குள் துணி போடுவதிலும் ஒரு முறை இருக்கிறது. கனமானவை அடியில், சுற்றிவரச் சமமாக, நடுவில் பள்ளம் இல்லாமல் உள்ளங்கையால் அமுக்கி, மேலே அந்த வட்டத் தட்டை வைக்க வேண்டும். பழைய மெஷின்களில் தட்டு தொலைந்திருக்கும். ஒன்று தேடி வாங்குங்கள், அது இல்லாமல் ஓட்டினால் ஒரு காலுறை மேலே ஏறி வெளித்தொட்டிக்குள் விழுந்து தண்டைச் சுற்றிக்கொள்ளும். மழைக்கோட்டு, படங்கு, ரெக்சின் எதையும் பிழியப் போட வேண்டாம். தண்ணீர் புகாத துணிக்குள் தண்ணீர் மூட்டையாக நிற்கும், வேகம் ஏறியதும் ஒரு பக்கம் உடைத்து மெஷினே துள்ளும். கம்பளியையும் அப்படித்தான், கையால் அமுக்கிப் பலகையில் சாய்த்துவிடுங்கள்.

மூன்று நான்கு நிமிடம் பிழிந்த சட்டையைக் கையில் எடுத்தால் குளிர்ச்சி இருக்கும், ஈரம் கையில் ஒட்டாது. வேலை முடிந்ததும் இரண்டு மூடியையும் திறந்தே வையுங்கள். மூடிவைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், மூடி சுவிட்சும் துருப்பிடிக்கும்.