லேவியராகமத்தில் நின்றுபோகும் வேதவாசிப்பு

கேள்வி: ஒவ்வொரு ஜனவரியிலும் ஆதியாகமத்தில் தொடங்கி, வார நாட்களில் 3 அதிகாரம், ஞாயிறு 5 அதிகாரம் என்று வாசிக்கிறேன். லேவியராகமத்தோடு நின்றுவிடுகிறது. காலை 4 மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் ஜெபித்துவிட்டுத்தான் வேதத்தைத் திறப்பேன். ஆனால் ஜெபத்தில் மனம் அலைபாய்கிறது, சில நாள் முழங்காலிலேயே தூங்கிவிடுகிறேன். எங்கே தவறுகிறேன்?

பதில்: சகோதரி, முதலில் அந்த வரிசையை மாற்றுங்கள். வேதம் முன்னே, ஜெபம் பின்னே. எழுந்த கையோடு ஜெபிக்க உட்கார்ந்தால் மனதில் இருப்பது நேற்றைய கவலையும் இன்றைய வேலையும்தான். அவற்றைச் சொல்லி முடித்ததும் பேச ஒன்றும் இருக்காது. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் அநாதை இல்லங்களை நடத்திய ஜார்ஜ் முல்லருக்கும் இந்தச் சிக்கல் இருந்தது. பல ஆண்டுகள் எழுந்தவுடன் ஜெபிக்கத் தொடங்கியவருக்குக் கால் மணி, சில நாள் அரை மணி கழித்துத்தான் மனம் ஒருமுகப்படும். 1841-இல் வேதத்தை முதலில் தியானிக்கத் தொடங்கினார். வாசித்த வசனமே அவரை நன்றி சொல்லவும், பாவ அறிக்கை செய்யவும், பிறருக்காக மன்றாடவும் நடத்தியது.

13-ஆம் சங்கீதத்தில் செய்து பாருங்கள். ஆறே வசனங்கள். முதலில் முழுவதையும் மெல்ல, வாய்விட்டு வாசியுங்கள். பிறகு முதல் இரண்டு வசனங்களுக்குத் திரும்புங்கள். 'எதுவரைக்கும்' என்று தாவீது நான்கு முறை கேட்கிறார். உங்களுக்கும் அப்படிக் கேட்க வேண்டியது இருந்தால் அதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள், பூசி மெழுக வேண்டாம். 3, 4 வசனங்கள் விண்ணப்பம்; உங்கள் விண்ணப்பங்களை அங்கே வையுங்கள். கடைசி இரண்டும் நம்பிக்கையும் துதியும். அவற்றை அப்படியே உங்கள் வாயால் சொல்லி முடியுங்கள். வாசிக்க 5 நிமிடம், யோசிக்க 5, ஜெபிக்க 10. தொடக்கத்தில் இந்த 20 நிமிடம் தாராளம். தினமும் எட்ட முடியாத ஒரு மணி நேரம் குற்ற உணர்வைத்தான் வளர்க்கும்.

நடுவே வேலை ஞாபகம் வந்தால் போராடாமல் பக்கத்தில் இருக்கும் தாளில் ஒரு வார்த்தை குறித்துவிட்டு வசனத்துக்குத் திரும்புங்கள். கைப்பேசியில் வாசிப்பவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள். அச்சிட்ட வேதாகமமே நல்லது. தூக்கத்துக்கு மருந்து: விளக்கைப் போடுங்கள், முகம் கழுவுங்கள், நடந்துகொண்டே குரல் கொடுத்து ஜெபியுங்கள். முழங்காலில்தான் ஜெபிக்க வேண்டும் என்று சட்டமில்லை. 4 மணிக்கும் அப்படியே. இயேசு இருட்டோடே எழுந்து ஜெபித்ததை மாற்கு 1:35 சொல்கிறது, உண்மைதான். ஆனால் 55-ஆம் சங்கீதக்காரர் அந்தி, சந்தி, மத்தியானம் மூன்றிலும் முறையிடுகிறார். இரவு 11-க்குப் படுப்பவர் 4 மணிக்கு எழத் தீர்மானிப்பது பக்தி அல்ல, கணக்குப் பிழை.

லேவியராகமத்துக்கு வருவோம். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40, ஆக 90 அதிகாரங்கள். உங்கள் திட்டப்படி வாரத்துக்கு 23 அதிகாரம் என்றால் நான்கே வாரத்தில் லேவியராகமத்தின் பலிச் சட்டங்களுக்கு வந்துவிடுவீர்கள். அதற்குள் நான்கு நாள் தவறினால் குறைந்தது 12 அதிகாரம் பாக்கி. அந்தப் பாக்கியை அடைக்க ஓடும்போதுதான் பலரும் புத்தகத்தையே மூடிவிடுகிறார்கள். தவறிய நாளை விட்டுவிட்டு அன்றைய பகுதியை வாசியுங்கள்.

இந்த ஆண்டு முழு வேதத்தையும் முடிக்க வேண்டாம். மாற்குவில் தொடங்குங்கள், 16 அதிகாரம்தான். புதிய ஏற்பாட்டில் மொத்தம் 260 அதிகாரங்கள். வாரத்துக்கு 5 வாசித்தாலே 52 வாரத்தில் முடிந்துவிடும், வாரத்தில் 2 நாள் மிச்சம். எபிரெயர் 9, 10 அதிகாரங்களை வாசிக்கும் வாரத்தில் லேவியராகமம் 16-ஐயும் சேர்த்து வாசியுங்கள். பாவநிவாரண நாளைப் பற்றிய அந்த அதிகாரத்தை எபிரெயர் இயேசுவின் பலியோடு இணைத்து விளக்குவதால், அப்போது அது வறட்சியாகத் தெரியாது.

ஜெபத்துக்கான சங்கீதத்தைத் தேதியை வைத்தே தேர்ந்தெடுக்கலாம். இன்று 13-ஆம் தேதி என்றால் 13. அதோடு முப்பது முப்பதாகக் கூட்டினால் 43, 73, 103, 133. ஐந்தையும் ஒரு பார்வை பார்த்து ஒன்றை எடுங்கள். 29-ஆம் தேதியில் விழும் 119-ஐ மட்டும் 31-ஆம் தேதிக்கு ஒதுக்குங்கள். 176 வசனங்கள், எட்டெட்டாக 22 பகுதிகள். ஒரு தடவைக்கு ஒரு பகுதி. ஆண்டில் 7 மாதங்களுக்குத்தான் 31 நாள் என்பதால், அதை முடிக்க மூன்று ஆண்டுக்கு மேல் ஆகும்.